நடுச்சுவரின் மேல் ஒரு மாடி

கம்பம் நகரில் ஒட்டிக் கட்டிய பழைய ஓட்டு வீடுகளில் பாகம் பிரிந்த பின்னும் நடுச்சுவர் பொதுவாகவே நிற்பதுண்டு. அதன் மேல் ஒருவர் மாடி எழுப்ப நகராட்சி அனுமதி மட்டும் போதுமா? இது சட்டக் கேள்விக்கும் முன்னால் அறக்கேள்வி. வரைபட அனுமதி கட்டுபவருக்கும் அரசுக்கும் இடைப்பட்டது; பக்கத்து வீட்டாரின் உரிமையை அது தீர்த்துவிடாது. ஓட்டுக்கூரையைத் தாங்க மண் சாந்தில் எழுப்பிய சுவர் மேல் கான்கிரீட் தளத்தை ஏற்றினால் விரிசல் இரண்டு பக்கமும் விழும். மறுபக்கம் படுத்திருப்பவர் அந்த ஆபத்துக்குச் சம்மதித்தவர் அல்லர். 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டமும், அனுபவிக்கும் முறையை மாற்றலாம், அடுத்தவர் சொத்தின் மேல் கூடுதல் சுமை ஏற்றக்கூடாது என்கிறது.

பொறாமையால் மறுப்பவரும் உண்டே என்பார்கள், நியாயமான ஆட்சேபம்தான். அண்டை வீட்டார் உங்கள் சுவரில் மரக்கட்டை பதிப்பதைத் தடுக்க வேண்டாம் என்று நபிமொழி ஒன்று அறிவுறுத்துகிறது. தாங்கக்கூடிய சுமைக்கு இடம்கொடுப்பது, ஆம், கடமையே. ஆனால் கட்டை வேறு, தளம் வேறு. மாடி வேண்டுவோர் தம் மனைக்குள் தூண் நிறுத்தி, நடுச்சுவரில் பாரம் விழாமல் கட்டட்டும். செலவு கூடும், அறை குறுகும். அந்த இழப்பு கட்டுபவருக்கே உரியது. அப்போதும், வானம் தோண்டும் முன் பக்கத்து வீட்டில் கேட்டுவிடுங்கள்.