நான்கு தானங்களுள் நாம் மறந்தது



இல்லறத்தார் ஆற்ற வேண்டிய தானங்கள் நான்கு என்பதை நம் வீட்டுச் சிறுவர்களும் அறிவர். ஆகார தானம், அபய தானம், ஔஷத தானம், சாத்திர தானம் என்பன அவை. இவற்றுள் உணவளிக்கும் தானத்திற்கு நம்மிடையே குறைவில்லை. நூல் அச்சிட்டு வழங்குவோரும் உள்ளனர். ஔஷத தானத்தை மட்டும் மருத்துவமனைக்குப் பணம் அனுப்புவதோடு முடித்துக்கொள்கிறோம். நம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கும் பெரியவரின் கால் ஏன் மரத்துப்போகிறது என்று கேட்டறிவதும் ஔஷத தானமே அன்றோ? அதனைப் பற்றியே இன்று பேச விழைகிறேன்.

தாம்பரத்தை அடுத்துள்ள ஒரு நகரில் வாழும் அன்பர் ஒருவர். வயது அறுபத்தெட்டு. வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூரில் பிறந்து, பள்ளித் தலைமையாசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்று, மகனோடு வந்து தங்கியவர். ஆண்டுதோறும் பொன்னூர் மலை ஏறி ஆசாரியர் குந்தகுந்தரின் பாதங்களைத் தொழுது வருவது அவர் வழக்கம். பதினோராண்டுகளாக நீரிழிவுக்கு மாத்திரை உட்கொள்பவர். சென்ற ஆண்டு அவர் மலைக்கு வரவில்லை. காரணம் கேட்க வீட்டிற்குச் சென்றேன்.

"பாதம் இரண்டும் எரிகின்றன. தரையில் நிற்கிறேனா, பஞ்சின்மேல் நிற்கிறேனா என்றே தெரிவதில்லை. இரவில் விளக்கின்றி எழுந்தால் தள்ளாடுகிறது. நாக்குச் சிவந்து புண்பட்டிருக்கிறது. நேற்றுச் சொன்னது இன்று நினைவில் இல்லை" என்றார். மருத்துவரிடம் காட்டினீர்களா என்றேன். "சர்க்கரை நோய் என்றால் கால் மரத்துப்போவது இயல்புதானே! முன்வினை வந்து பலன் தருகிறது, பொறுத்துக்கொள்வதே நிர்ஜரை" என்றார். சற்று நேரம் வாளாவிருந்து, பிறகு மெல்லிய குரலில், "ஐயா, ஸல்லேகனை ஏற்பதற்கு உரிய காலம் எது என்று நூல்களைப் பார்த்துச் சொல்லுங்கள்" என்றார்.

அச்சொல் என்னைத் தூங்கவொட்டாமல் செய்தது. நூல்களைப் பார்த்தேன். இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் சமந்தபத்திர ஆசாரியர் ஸல்லேகனைக்குரிய காலங்களைக் கூறுமிடத்தில், நோய் என்று பொதுவாகக் கூறவில்லை. மாற்று வழி இல்லாத நோய் என்று வரையறுத்தே கூறுகிறார். இந்நூற்பொருளைத் தமிழில் தந்த அருங்கலச்செப்பையும் நம் முன்னோர் போற்றி ஓதினர். ஆகவே அன்பரிடம் நான் கேட்க வேண்டிய வினா ஒன்றே ஒன்று: உங்கள் நோய்க்கு மாற்று இல்லை என்று யார் ஆராய்ந்து கூறினார்?

அவருடைய மருமகள் மறுநாளே அவரை அழைத்துச் சென்று இரத்தப் பரிசோதனை செய்வித்தார். வைட்டமின் பி12 என்னும் சத்து அவர் உடலில் மிகவும் குன்றியிருந்தது.

இச்சத்தின் இயல்பைச் சிறிது கூறுதல் வேண்டும். இரத்தத்தின் செவ்வணுக்கள் முறையாக உருவாவதற்கும், நரம்புகளின் மேலுறை கெடாதிருப்பதற்கும் இது இன்றியமையாதது. ஒரு நாளைக்கு நமக்கு வேண்டுவது ஏறத்தாழ 2 மைக்ரோகிராம். அதாவது ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்காக்கி, அவற்றுள் இரண்டு பங்கு. எள்முனையினும் சிறியது. ஆயினும் அது இல்லையெனில் நரம்பு வாடுகிறது. இச்சத்தைச் செடி கொடிகள் செய்வதில்லை. விலங்குகளும் தாமே செய்வதில்லை. கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்களே செய்கின்றன. ஊன் உண்போர்க்கு ஊனின் வழியாக வந்துவிடுகிறது. நமக்குப் பாலும் தயிரும் மோருமே வாயில். ஒரு குவளைப் பாலில் ஏறத்தாழ 1 மைக்ரோகிராம் இருக்கும். காப்பியில் கலக்கும் இரண்டு கரண்டிப் பால் இக்கணக்கில் சேராது.

வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 1980ஆம் ஆண்டில் ஓர் உண்மையை வெளியிட்டனர். நம் தென்னாட்டு மக்களின் சிறுகுடலில் வாழும் நுண்ணுயிர்கள் சில, இச்சத்தை உண்டாக்க வல்லன என்பதே அது. மரக்கறி உண்ட நம் முன்னோர் பலர் நலமாக வாழ்ந்தமைக்கு இதுவும் ஒரு காரணமாகலாம். ஆயினும் உண்டாகும் சத்தை உடல் ஈர்த்துக்கொள்ளும் வழியும் திறந்திருக்க வேண்டுமே! அவ்வழி தடைப்படும் இடத்தைத்தான் இப்போது காணப்போகிறோம்.

நீரிழிவுக்கு முதன்முதலில் எழுதித் தரப்படும் மாத்திரை பெரும்பாலும் மெட்பார்மின் என்பதே. 1957ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு மருத்துவர் ழான் ஸ்டேர்ன் இதனை நீரிழிவு நோயாளர்க்கு அளித்துப் பயன் கண்டார். விலை குறைந்தது, நற்பயன் மிக்கது, இன்றளவும் கோடிக்கணக்கானோரைக் காத்து வருவது. இதனைக் குறைகூற நான் வரவில்லை. ஆனால் நன்மை செய்யும் பொருளுக்கும் ஒரு மறுபக்கம் உண்டு என்பதன்றோ அனேகாந்தம் நமக்குக் கற்பித்த பாடம்! உணவிலுள்ள பி12, இரைப்பையில் ஊறும் ஒரு புரதத்தோடு சேர்ந்து, சிறுகுடலின் கடைப்பகுதியில் உடலுக்குள் ஈர்க்கப்படுகிறது. அவ்வீர்ப்பை இம்மாத்திரை நாளடைவில் குறைக்கிறது. அமெரிக்காவில் பல்லாண்டு நடந்த நீரிழிவுத் தடுப்பு ஆய்வின் தொடர்ச்சியாக 2016இல் வெளிவந்த முடிவின்படி, இம்மாத்திரை உண்ணும் ஒவ்வோராண்டுக்கும் குறைபாட்டின் அபாயம் ஏறத்தாழ 13 விழுக்காடு கூடுகிறது. நெஞ்செரிச்சலுக்காக அமிலம் குறைக்கும் மாத்திரையையும் நெடுநாள் உண்பவர்க்கு அபாயம் மேலும் மிகுதி.

கல்லீரலில் இச்சத்தின் சேமிப்பு சில ஆண்டுகளுக்குப் போதுமான அளவு உண்டு. அதனால்தான் மாத்திரை தொடங்கிய மறு ஆண்டே துன்பம் தோன்றுவதில்லை. களஞ்சியத்து நெல் குறைவது வெளியில் நிற்பவனுக்குத் தெரியாததுபோல, உள்ளே குறைந்துகொண்டே வருகிறது. துன்பம் தோன்றும்போதும் அது நீரிழிவு நோயின் நரம்புக் கேடு போன்றே தோன்றுகிறது. கால் எரிச்சல், மரத்துப்போதல், தள்ளாட்டம் ஆகியவை இரண்டிற்கும் பொது. ஆகவே, "சர்க்கரையால் வந்தது" என்று ஒதுக்கிவிடுகிறோம். நீரிழிவால் வந்த நரம்புக் கேட்டைப் பெரிதும் மாற்ற இயலாது. சத்துக்குறைவால் வந்ததோ, காலத்தில் கண்டால் மாறக் கூடியது. இவ்விரண்டையும் பிரித்தறியாமல் இருப்பதே அஞ்ஞானம்.

இது எங்கோ நடப்பதன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நிகழ்ந்து 2023இல் வெளியான பேராய்வின்படி, நம் நாட்டில் நீரிழிவு உடையோர் 10 கோடிக்கும் மேற்பட்டோர். சென்னை நகரத்தார் ஏறத்தாழ 1,500 பேரை ஆராய்ந்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்குப் பதினைந்து பேர் அளவில் பி12 குறைபாடு உடையோராய் இருந்தனர். ஊன் உண்போரும் கலந்த கூட்டத்தில் இந்நிலையெனில், திண்டிவனம், செஞ்சி, ஆரணிப் பக்கங்களிலிருந்து வந்து ஆதம்பாக்கம் முதல் பெருங்களத்தூர் வரை குடியேறிய நம் குடும்பங்களின் நிலையை நீங்களே எண்ணிப் பாருங்கள். வரப்பில் நடந்த கால்கள் இன்று நாற்காலியில் அமர்ந்துள்ளன. வீட்டுக்கு ஒருவரேனும் இம்மாத்திரை உண்ணாத தெரு எது?

"அப்படியானால் நம் புலால் மறுத்தல் பிழையா?" என்று ஓர் இளைஞர் என்னைக் கேட்டார். பிழையன்று, தம்பி! விரதத்தைக் காப்பவன் விரதம் தாங்கும் உடலையும் காக்க வேண்டும் என்பதே இதனால் பெறப்படுவது. வேலி பழுதுபட்டால் வேலியைச் செப்பனிடுவோம். பயிரைப் பிடுங்கி எறிய மாட்டோம்.

மீண்டும் நம் அன்பரிடம் வருவோம். மருத்துவர் ஊசி போட வேண்டும் என்றதும் அவர் மறுத்துவிட்டார். "இது கல்லீரல் சாறு. என் இளமையில் கேட்டிருக்கிறேன். உயிர் போனாலும் வேண்டேன்" என்றார். அவர் உறுதியை நான் மதிக்கிறேன். அவர் கூறியதில் பழைய உண்மையும் உண்டு. இரத்தச்சோகைக்குக் கல்லீரலை உண்ணக் கொடுத்து நலம் கண்ட அமெரிக்க மருத்துவர்களுக்கு 1934இல் நோபல் பரிசு கிடைத்தது. அக்காலத்தில் கல்லீரல் சாறே ஊசியாயிற்று. ஆனால் 1948இல் அச்சத்தைத் தனியே பிரித்தெடுத்தனர். இன்று நுண்ணுயிர்களைப் புளிக்கவைக்கும் முறையில் அது ஆக்கப்படுகிறது. பாலைத் தயிராக்குவதும் நுண்ணுயிர்களின் செயலே. தயிர் உண்ணும் இல்லறத்தான் இதனைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. இயங்குயிர்க் கொலையை முற்றும் நீக்கி, நிலையுயிர்களிடத்தும் வேண்டிய அளவிற்கு மேல் தீங்கு செய்யாதிருப்பதே இல்லறத்தார்க்கு வகுத்த அணுவிரதம்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. பி12 என்று பெயரிட்டு வரும் கூடு மருந்துகள் பலவற்றின் கூடு, விலங்கின் தோலும் எலும்பும் கொண்டு செய்த ஜெலட்டினால் ஆனது. ஆகவே கூடில்லாத மாத்திரையையோ ஊசி மருந்தையோ கேட்டுப் பெறுங்கள். உணவுப் பொருள்களில் உள்ள பச்சைப் புள்ளி மருந்துகளில் எப்போதும் இராது. எதனால் செய்தது என்று கேட்பதில் வெட்கம் வேண்டா. ஒன்பதாம் நூற்றாண்டில் உக்கிராதித்திய ஆசாரியர், ஊனும் தேனும் கள்ளும் கலவாத மருத்துவத்தைக் கல்யாணகாரகம் என்னும் நூலில் வகுத்து, மருந்தில் ஊன் வேண்டா என்பதை இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் அவையில் எடுத்துரைத்தார். அவர் மருந்தை மறுக்கவில்லை. மருந்தைத் தூய்மை செய்தார். நம் தமிழ்ச் சமணப் புலவர்கள் தம் அறநூல்களுக்கு ஏலாதி என்றும் சிறுபஞ்சமூலம் என்றும் மருந்தின் பெயரையே சூட்டியதும் நினைக்கத் தக்கது.

"நோய் வினைப்பயன் அன்றோ, மருந்து எதற்கு?" என்பது மற்றொரு ஐயம். அசாதா வேதநீயம் உதயமாகும்போது துன்பம் வருகிறது, உண்மை. ஆனால் வினை பலன் தருவதற்கும் தணிவதற்கும் நிமித்த காரணங்கள் உண்டு என்றும் நம் ஆகமம் கூறுகிறது. பசியும் வேதநீயத்தால் வருவதே. அதற்காக நாம் உண்ணாமல் இருக்கிறோமா? அறியாமையால் துன்பத்தை வளர்த்துக்கொள்வது தவமாகாது. அறிந்து, விரும்பி, மனங்கலங்காமல் ஏற்பதே தவம். சமந்தபத்திரரின் வரலாற்றையே பாருங்கள். உண்டதையெல்லாம் எரித்துவிடும் பஸ்மக நோய் அவரை வருத்தியபோது, ஸல்லேகனைக்கு அனுமதி வேண்டினார். குருவோ இசையவில்லை. "உன்னால் அறம் விளங்க வேண்டியுள்ளது, முதலில் நோயைத் தீர்த்துக்கொள்" என்னும் கருத்துப்பட ஆணையிட்டார் என்று வரலாறு கூறும். நோய் தீர்ந்தபின் அவர் மீண்டும் துறவு பூண்டு அருளிய நூல்களே இன்றும் நமக்கு ஒளி. ஸல்லேகனையின் காலத்தை நமக்கு வரையறுத்துத் தந்தவர் இவரே என்பதை மறவாதீர்கள்.

இவ்வரலாற்றை அன்பரிடம் கூறினேன். மருமகள் மருந்தின் மூலத்தை விசாரித்துவந்து கூறினார். அவர் ஊசிக்கு இசைந்தார். நான்கு திங்களில் நாக்குப் புண் ஆறிற்று; நினைவு தெளிந்தது; தள்ளாட்டம் குறைந்தது. ஆயினும் விரல் நுனிகளின் மரப்பு முற்றும் நீங்கவில்லை. "இரண்டாண்டு முன்னரே யாரேனும் சொல்லியிருக்கலாமே" என்றார். அவர் யாரையும் குறை கூறவில்லை. ஆனால் அச்சொல் நம் அனைவரையும் நோக்கி எழுந்த வினா என்றே நான் கொள்கிறேன்.

ஆதலின், செய்யத் தக்கன சில கூறுகிறேன். நான்கைந்து ஆண்டுகளாக மெட்பார்மின் உண்பவர், ஒருமுறையேனும் இரத்தத்தில் பி12 அளவைப் பார்த்துக்கொள்ளட்டும். பின்னர் மருத்துவர் கூறும் இடைவெளியில் தொடரட்டும். அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 2017 முதலும், பிரித்தானிய மருந்துக் கண்காணிப்பு நிறுவனம் 2022லும் இத்தகைய கவனத்தை வற்புறுத்தியுள்ளன. இரத்தச்சோகை இல்லை என்பதால் குறைபாடும் இல்லை என்று எண்ணற்க. கீரையிலும் மாத்திரையிலும் உள்ள போலிக் அமிலம் சோகையை மறைத்துவிடும். நரம்பின் கேடு உள்ளே வளரும். இதனைக் கேட்டவுடன் நீரிழிவு மாத்திரையைத் தாமே நிறுத்துவது பெருந்தவறு. பி12ஐச் சேர்த்துக்கொள்வதே வழி. அதன் அளவை மருத்துவர் கூறட்டும். உபவாசம் ஏற்போரும், இருளில் உண்ணாமை காப்போரும் தம் நோன்பை மருத்துவரிடம் முன்னரே கூறி, மருந்தின் நேரத்தையும் அளவையும் அமைத்துக்கொள்ளட்டும். சில மாத்திரைகளும் இன்சுலினும் வெறும் வயிற்றில் சர்க்கரையை அளவுக்கு மேல் தாழ்த்திவிடும்.

ஆதிபகவன் நெடுங்காலம் உண்ணாதிருந்து, அத்தினாபுரத்தில் சிரேயாம்சன் அளித்த கருப்பஞ்சாற்றை ஏற்ற நாளே அட்சய திரிதியை. அவர் ஏற்றது உடல் ஆசையால் அன்று. பின்வரும் தவசியர் தவத்திற்கு உடல் துணை என்பதை உலகம் அறிய வேண்டும் என்பதற்காக. வரும் திருநாளுக்கு முன் ஒவ்வோர் இளைஞரும் தம் வீட்டு முதியவரின் பாதத்தைத் தொட்டு வணங்கும்போது, "தாத்தா, கால் எரிகிறதா? மரத்திருக்கிறதா?" என்று ஒரு சொல் கேளுங்கள். ஆம் என்றால் உடன் அழைத்துச் செல்லுங்கள். உண்மையை அறிவிப்பதால் அது சாத்திர தானம். நோய் தீர்ப்பதால் ஔஷத தானம். குறைந்த சத்தை உணவோடு சேர்ப்பதால் ஆகார தானம். அச்சத்தை நீக்குவதால் அபய தானம். நான்கும் ஒரு சேர நிகழும் அறம் நம் வீட்டிற்குள்ளேயே காத்திருக்கிறது.

அன்பர் இவ்வாண்டு பொன்னூர் மலைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். கைத்தடியோடுதான், பேரன் தோளைப் பற்றிக்கொண்டுதான். ஆனால் வருகிறார்.

வாழ்க அறம்! வளர்க அருள்நெறி!