மோர்ஸ் யாருடைய கட்டாயம்?

ஒரு விதி பிறந்த காரணம் மறைந்த பிறகும் அந்த விதி நம்மைக் கட்டுமா? அறம் பற்றிய இந்தப் பழைய கேள்வியை ஹாம் எனப்படும் அமெச்சூர் வானொலியாளருக்கான உரிமம் மறுபடி எழுப்புகிறது. முன்பு சென்னைத் துறைமுகத்துக்கு வந்துபோன கப்பல்களின் வானொலி அறையில் தனிக் கடிகாரம் ஒன்று இருக்கும். மணிக்கு இருமுறை, 15ஆம் நிமிடத்திலும் 45ஆம் நிமிடத்திலும் தொடங்கும் மும்மூன்று நிமிடங்கள் அதன் முகப்பில் சிவப்பாகத் தீட்டப்பட்டிருக்கும். அந்த நேரத்தில் கடலின் அபய அலைவரிசையான 500 கிலோஹெர்ட்ஸில் எல்லோரும் வாயடைத்துக் காது கொடுக்க வேண்டும். எங்கோ மூழ்கும் கப்பல் மோர்ஸ் தந்திக் குறியில் அனுப்பும் மெலிந்த அபய அழைப்பு மற்றவர் இரைச்சலில் அமுங்கிவிடக் கூடாது. மொட்டைமாடியில் ஆன்டெனா கட்டிய ஹாமும் மோர்ஸ் கற்றாக வேண்டும் என்று சர்வதேச வானொலி விதிகள் கேட்டதன் வேர் இங்கேதான் இருக்கிறது. ஹாமின் அலை கடலின் அழைப்பில் குறுக்கிட்டால், நிறுத்தச் சொல்லும் மோர்ஸ் குறி அவருக்குப் புரிய வேண்டும்.

1999 பிப்ரவரி 1 முதல் பெரிய கப்பல்களின் அபய அழைப்பு செயற்கைக்கோளுக்கும் தானியங்கிக் கருவிகளுக்கும் முழுமையாக மாறியது. 2003இல் ஜெனிவாவில் கூடிய உலக வானொலி மாநாடு மோர்ஸ் கட்டாயத்தை நீக்கி, முடிவை அந்தந்த நாட்டிடமே விட்டது. அமெரிக்கா 2007இல் அதைக் கைவிட்டது. நம் 1978ஆம் ஆண்டு விதிகளோ, பிந்தைய திருத்தங்களுக்குப் பிறகும், பொது நிலை உரிமத்துக்கு நிமிடத்துக்கு எட்டுச் சொல் வேகத்தை வைத்திருக்கின்றன. கீழ்நிலை உரிமத்துக்கு மட்டும் அது வேண்டாம். வைத்திருப்பது குற்றமல்ல. ஆனால் சர்வதேச ஒப்பந்தம் கையை விட்ட நாளிலிருந்து அந்த விதி முழுக்க நம்முடையது. அதற்கான நியாயத்தையும் நாமே சொல்லியாக வேண்டும். குறைந்த மின்திறனிலும் மோர்ஸ் வெகுதூரம் போகும், அது ஓர் ஒழுக்கப் பயிற்சி என்பார்கள். இரண்டும் உண்மைதான். என்றாலும் ஒரு கலையின் மேன்மை அதை விரும்பிக் கற்கக் காரணமாகுமே தவிர, கற்காதவரின் உரிமத்தைக் குறைக்கக் காரணமாகாது.

அப்படியானால் ஜெனிவாவின் சொல்லுக்கு மட்டும் நாம் ஏன் கட்டுப்பட வேண்டும், வானம் யாருக்குச் சொந்தம் என்று கேட்கலாம். எண்ணூரில் எழும் அலை எல்லைக்கோட்டில் நிற்பதில்லை. நம் செயல் எதுவரை போய்த் தொடுகிறதோ அதுவரை நம் பொறுப்பும் போகிறது. காசிமேட்டு விசைப்படகு விஎச்எஃப் பதினாறாம் சேனலில் கூப்பிட்டால் வெளியே நங்கூரமிட்ட அயல்நாட்டுக் கப்பலுக்கும் கேட்கிறதே, அந்தப் பொதுமை ஒப்பந்தம் தந்ததுதான். மோர்ஸை விடுவித்த அதே மாநாடு, பேரிடர் காலத்துக்கு ஹாம்களைத் தயார்படுத்துமாறு நாடுகளை ஊக்குவித்தது. அடுத்த ஆண்டே சுனாமி வந்தது. வேறு வேலையாகப் போர்ட் பிளேருக்குப் போயிருந்த ஹாம் குழு, தொடர்பற்றுப்போன அந்தமானின் செய்திகளை வெளியே அனுப்பியது. ஆக, சிவப்பு நிமிடங்களுக்குப் பின்னால் இருந்த கடமை அழியவில்லை, இடம் மாறியிருக்கிறது. உரிமத் தேர்வில் மோர்ஸுக்குக் கொடுக்கும் இடத்தைப் பேரிடர்ச் செய்தியைப் பிழையின்றி வாங்கிக் கடத்தும் பயிற்சிக்குக் கொடுத்தால், அந்த விதியின் காரணத்துக்கு நாம் உண்மையாக இருப்போம்.