விழாக்கால வருத்தமும் விரத வழியும்



ஐப்பசி பிறந்துவிட்டால் இல்லந்தோறும் ஒரு பரபரப்பும் உடன் பிறந்துவிடுகிறது. துணிமணி, பலகாரம், விருந்தினர் வரவு, மகள் வீட்டுச் சீர், மருமகனுக்கு மோதிரம், பிள்ளைகளுக்குப் பயணச்சீட்டு என்று கணக்கு நீண்டுகொண்டே போகிறது. “தீபாவளி வருகிறது” என்று மகிழ்ந்து சொல்ல வேண்டிய நாவு, “தீபாவளி வருகிறதே” என்று பெருமூச்சு விடுகிறது. நெடுங்காலம் தமிழ் கற்பித்த நமக்கு, அந்த ஓர் ஏகாரத்தில் அடங்கியிருக்கும் துன்பம் எவ்வளவு என்பது நன்கு புலப்படும்.

இத்துன்பத்தை நாமும் அனுபவித்திருக்கிறோம். வந்தவாசிப் பக்கம் பிறந்து, ஆசிரியப் பயிற்சி முடித்து, அரசுப் பணியின் பொருட்டுப் புதுக்கோட்டைச் சீமைக்கு வந்து, இறுதியில் வல்லத்திராக்கோட்டையிலேயே குடியமர்ந்து விட்டோம். நமது தெருவில் நம் சமயத்தார் இல்லம் வேறில்லை. ஆதலால், ‘அறவோர் வீட்டுத் தீபாவளி எவ்வகையிலும் குறைவுபட்டதாகத் தோன்றலாகாது’ என்னும் எண்ணம் நமக்குச் சற்று மிகுதி. பணி ஓய்வு பெற்ற பின் வந்த ஒரு தீபாவளிக்கு மக்களும் பேரப்பிள்ளைகளும் வருவதாக எழுதியிருந்தனர். ஒன்பது வகைப் பலகாரம் செய்வதென முடிவு செய்தோம். மூன்று இரவுகள் சரியான உறக்கமில்லை. இரத்த அழுத்தத்திற்கு அன்றாடம் உட்கொள்ளும் மாத்திரையை இரண்டு நாள்கள் மறந்தே போனோம். விழாவுக்கு முதல் நாள் மாலை, அடுப்பங்கரையிலேயே மயங்கிச் சாய்ந்தோம். எண்ணெய்ச் சட்டி அடுப்பில் இருந்தது. பக்கத்து வீட்டு அம்மாள் ஓடிவந்து அடுப்பை அணைத்திராவிட்டால் இக்கட்டுரையை எழுத நாம் இருந்திருப்போமா என்பது ஐயமே. பிள்ளைகள் வந்து இறங்கியபோது நாம் மருத்துவமனைக் கட்டிலில் இருந்தோம். ஒன்பது வகைப் பலகாரத்தில் ஒன்றைக்கூட எவரும் விரும்பி உண்ணவில்லை.

அந்தக் கட்டிலில் கிடந்தபோது ஒரு கேள்வி எழுந்தது. நாம் கொண்டாட முற்பட்டது யாருடைய திருநாள்?

மரபுவழிக் கணக்கின்படி கி.மு. 527இல், பாவாபுரியில், வர்த்தமான மகாவீரர் எஞ்சியிருந்த வினைகள் யாவற்றையும் விடுத்து முக்தி எய்திய நாள் அது. அன்றே முதற் கணதரராகிய கௌதமர் கேவல ஞானம் பெற்றார். கி.பி. 783இல் நிறைவுற்ற ஜினசேனரின் ஹரிவம்ச புராணம், பெருமான் முக்தி எய்தியபோது பாவாபுரியில் தீபங்கள் ஏற்றப்பட்டதையும், அதன் நினைவாக ஆண்டுதோறும் தீபாலிகை கொண்டாடப்படுவதையும் கூறுகிறது. வீர நிர்வாண ஆண்டுக் கணக்கும் இந்நாளை ஒட்டியே தொடங்குகிறது. எல்லாவற்றையும் விட்டுவிட்ட பெருமானின் திருநாளை, எல்லாவற்றையும் வாங்கிக் குவிக்கும் நாளாக நாம் ஆக்கிக்கொண்டோம். நமது விழாக்கால வருத்தத்தின் வேர் இதுவே.

இன்று ‘மன அழுத்தம்’ என்று மருத்துவர் கூறும் நிலையை நம் ஆசாரியர்கள் நெடுங்காலத்திற்கு முன்பே நுணுகி ஆராய்ந்துள்ளனர். ஆர்த்தத் தியானம் என்பது அவர்கள் இட்ட பெயர். துயரத்திலேயே மனம் தோய்ந்து நிற்றல் என்பது அதன் பொருள். உமாஸ்வாமி அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் ஒன்பதாம் அத்தியாயம் இதனை நான்காகப் பகுக்கிறது. விரும்பாதது வந்து சேர்தலால் வருவது ஒன்று. விரும்பியது பிரிதலால் வருவது ஒன்று. உடல் வேதனையை எண்ணி எண்ணி வருந்துவது ஒன்று. இனி இன்னது வேண்டும் என்று ஏங்கும் நிதானம் ஒன்று. இந்நான்கும் ஒருங்கே வந்து தங்கும் இடம் விழாக்கால வீடு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, விரும்பாதது வந்து சேர்தல். பழைய மனத்தாங்கல் உடைய உறவினர் வருவார். ஒருவர் சொல்லும் ஒரு சொல் தைக்கும். எதிர்பாராத செலவு வரும். இதற்கு மருந்து பொறையும் மௌனமும். விழா நாளன்று பழைய கணக்குகளைப் பேசுவதில்லை என்று காலையிலேயே ஒரு நியமம் எடுத்துக்கொள்ளலாம். சினம் எழும்போது எழுந்து சென்று ஒரு குவளை நீர் அருந்தி, பஞ்ச நமஸ்காரத்தை ஒன்பது முறை மனத்துள் சொல்லிவிட்டு வந்து அமர்ந்தால், சொல்ல நினைத்த கடுஞ்சொல்லில் பாதி மறந்து போயிருக்கும்.

இரண்டாவது, விரும்பியது பிரிதல். சென்ற தீபாவளிக்கு உடனிருந்தவர் இவ்வாண்டு இல்லாத வீடுகள் பல உண்டு. அவ்வீடுகளில் விளக்கின் ஒளியே கண்ணை உறுத்தும். மாலையிலும் விடியலிலும் நினைவு மிகுதியாக வரும். பிள்ளைகள் அயல்நாட்டில் இருக்க, முதியவர் இருவர் மட்டும் ஒரு தொலைபேசி அழைப்புக்காகக் காத்திருக்கும் வீடுகளும் உண்டு. இவர்களை “அழாதீர்கள், சம்சாரம் இப்படித்தான்” என்று உபதேசித்து அடக்குவது அறமன்று. அவர்களிடம் செல்ல வேண்டும், உடனிருக்க வேண்டும், மறைந்தவரைப் பற்றிப் பேச விடவேண்டும். குருவைப் பிரிந்த நாளும் ஞானம் பெற்ற நாளும் கௌதமர்க்கு ஒன்றாகவே அமைந்தன என்பதை, அவர்கள் கேட்கும் நிலையில் இருக்கும்போது, மெல்லச் சொல்லலாம்.

மூன்றாவது, உடல் வேதனை. இதில் பாதியை நாமே வருவித்துக் கொள்கிறோம். நமது மயக்கமும் அத்தகையதே. இரவுண்ணாமை என்னும் நம் நெறி இங்கே பெருந்துணை செய்யும். ஐப்பசி கார்த்திகையில் நம் பக்கத்தில் மாலை 6 மணிக்கு முன்பே கதிரவன் மறைகிறான். அதற்குள் உணவு முடிந்து அடுப்பும் அணைந்துவிட்டால், வீட்டுப் பெண்களுக்கு இரவு உறக்கம் உறுதியாகக் கிடைக்கும். விருந்தினரைக் காரணம் காட்டி இந்நெறியை விழா நாளில் மட்டும் தளர்த்துகிறோம். மிகவும் தேவைப்படும் நாளும் அதுவே. நீரிழிவு, இரத்த அழுத்தம், இதய நோய் உடையோர் விழாவை முன்னிட்டு மருந்தை ஒரு வேளையும் தவறவிடலாகாது. உபவாசம் மேற்கொள்ள விரும்பினால் முன்கூட்டியே மருத்துவரைக் கேட்டறிந்து, இயலாதெனில் ஒரு சுவையை விடுத்தோ, அளவைக் குறைத்தோ விரதம் காக்கலாம். ஆற்றலுக்கு ஏற்ற தவமே தவம். மார்பு வலியோ, கை கால் தளர்ச்சியோ, பேச்சுக் குழறலோ தோன்றினால், ‘விழா முடியட்டும்’ என்று காத்திராமல் உடனே 108க்குத் தெரிவிக்க வேண்டும்.

நான்காவதாகிய நிதானமே மற்ற மூன்றுக்கும் எரிபொருள். அவர் வீட்டில் வாங்கினார்கள், நம் வீட்டிலும் வேண்டும். சென்ற ஆண்டு இவ்வளவு, இவ்வாண்டு இன்னும் வேண்டும் என்னும் ஏக்கம் அது. தலைத்தீபாவளிச் சீர் என்ற பெயரில் எத்தனை பெற்றோர் வட்டிக்குக் கடன் வாங்குகின்றனர்! நகையை அடகு வைத்து மாப்பிள்ளைக்குச் சங்கிலி வாங்கிய தந்தை, விளக்கின் முன் நின்று எதை வேண்டுவார்? பிள்ளையைப் பெற்ற சாவகப் பெருமக்களை நோக்கி இருகரம் கூப்பிக் கேட்கிறோம்: “எங்களுக்குச் சீர் வேண்டா, நீங்கள் வந்து உடன் உண்டால் போதும்” என்று சம்பந்தி வீட்டாருக்கு நீங்களே முந்திச் சொல்லுங்கள். அவர்கள் வாய் திறந்து கேட்க இயலாது. ஓர் உயிரின் உறக்கத்தைக் கெடுப்பதும் இம்சையே.

இந்நான்குக்கும் பொதுவான மருந்து ஒன்றுண்டு. மிகுபொருள் விரும்பாமை, பொருள் வரைதல் என்று நம் முன்னோர் கூறிய விரதமே அது. ‘வரைதல்’ என்பது எல்லை வகுத்தல். ஆசை எழுந்த பின் அதனை அடக்க முயல்வது கடினம். எழுவதற்கு முன்பே எல்லை வகுப்பது எளிது. ஆசிரியப் பயிற்சியில் நமக்கு முதலில் கற்பித்தது, பாடக்குறிப்பு எழுதாமல் வகுப்பறைக்குள் செல்லலாகாது என்பதே. நாற்பது நிமிடத்தில் எதைக் கற்பிப்போம், எதை விடுவோம் என்று முன்பே தெளிந்திருந்தால் ஆசிரியர்க்குப் பதற்றமில்லை. விழாவுக்கும் ஒரு பாடக்குறிப்பு வேண்டும்.

மருத்துவமனையிலிருந்து திரும்பிய மறு ஆண்டு முதல் அவ்வாறே செய்து வருகிறோம். விழாவுக்கு ஒரு திங்களுக்கு முன் குடும்பத்தார் அனைவரும் கூடி ஒரே தாளில் எழுதுகிறோம்: செலவு இவ்வளவு, பலகாரம் இரண்டே வகை, ஆளுக்கு ஓர் உடை, இன்ன வேலை இன்னார் பொறுப்பு. ஆண்மக்களுக்கும் பாத்திரம் துலக்கும் பங்கு உண்டு. தாளின் கீழே அனைவரும் கையொப்பம் இடுவோம். அதன் பின் எதையும் கூட்டுவதில்லை. முதல் ஆண்டு பேரப்பிள்ளைகள் முகம் சுளித்தனர். இப்போது, “பாட்டி, தாள் எழுதியாயிற்றா?” என்று அவர்களே தொலைபேசியில் கேட்கின்றனர்.

எல்லை வகுத்தால் மகிழ்ச்சி குறையுமோ என்று அஞ்சுவோர்க்கு ஓர் எடுத்துக்காட்டு. நமது அண்டை மாவட்டமாகிய சிவகங்கையில், திருப்பத்தூரை அடுத்து, 1977இல் அறிவிக்கப்பட்ட வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் உள்ளது. அதனை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், அங்கு வந்து தங்கும் பறவைகள் மிரளலாகாது என்பதற்காகப் பல்லாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அவர்கள் நம் சமயத்தினர் அல்லர். அணுவிரதம் என்று பெயரிட்டு ஏற்றவரும் அல்லர். எனினும் கொல்லாமையை விழா நாளிலேயே கடைப்பிடிக்கின்றனர். அவ்வூர்க் குழந்தைகளின் தீபாவளி குறைந்துவிடவில்லை. அவர்களைப் பற்றிப் பிறர் பெருமையாகப் பேசும் நிலையல்லவா வந்திருக்கிறது!

எதுவும் நிலையன்று என்பதை நம் ஊரிலேயே ஒரு முறை கண்கூடாகக் கண்டோம். 2018ஆம் ஆண்டில் தீபாவளி நவம்பர் 6ஆம் நாள் வந்தது. பத்து நாள்கள் கழித்து, நவம்பர் 16 அன்று அதிகாலை, கஜா புயல் கரை கடந்து நம் மாவட்டத்தையும் சூறையாடியது. பிள்ளைபோல் வளர்த்த தென்னைகளும் பலாக்களும் வேரோடு சாய்ந்தன. பல நாள்கள் மின்சாரம் இல்லை. பத்து நாள்களுக்கு முன் எந்தப் புடைவை உயர்ந்தது என்று பேசிய தெருவில், குடிநீர் எங்கே கிடைக்கும் என்பதே பேச்சாயிற்று. தீபாவளிக்கு வாங்கி மீந்த அகல்களை நாம் அண்டை வீடுகளுக்குக் கொடுத்தோம். அவர்கள் அரிசி கொணர்ந்தனர். பகற்பொழுதிலேயே கஞ்சி காய்ச்சி, வாசலில் ஒருங்கே அமர்ந்து உண்டோம். அந்த எளிய உணவில் இருந்த நிறைவு, ஒன்பது பலகாரத்தில் நாம் காணாதது.

புதுக்கோட்டைக்கு வடமேற்கே சித்தன்னவாசல் குன்றில் ஏழடிப்பட்டம் என்னும் குகைத்தளம் உள்ளது. இயன்றவர் ஒரு முறையேனும் பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டுங்கள். மலைச்சரிவில் வெட்டிய படிகளில் கவனமாக ஏறிச் சென்றால், வழவழப்பாகச் செதுக்கிய 17 கற்படுக்கைகள் காணலாம். தலை வைக்கும் இடம் சற்றே உயர்ந்திருக்கும். பழமையான படுக்கை ஒன்றின் அருகே தமிழ்பிராமிக் கல்வெட்டு உள்ளது. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் நம் துறவியர் அங்கே தங்கியிருந்தனர். ஒரு மனிதர்க்கு உண்மையில் எவ்வளவு இடம் வேண்டும் என்பதை அக்கல் நமக்கு அளந்து காட்டுகிறது. இல்லறத்தாராகிய நாம் கல்லில் படுக்க வேண்டியதில்லை. நமது அளவை நாமே வகுத்துக்கொண்டால் போதும்.

விழா நாளில் ஒரு முகூர்த்தம், அதாவது 48 நிமிடம், சாமாயிகத்தில் அமருங்கள். இயலாதோர் பத்து நிமிடமேனும் அமருங்கள். விருந்தினர் விடைபெற்ற பின் வீடு வெறிச்சோடும்போதும் அவ்வாறே அமருங்கள். அவ்வேளையில்தான் பலர்க்கு மனம் சோர்கிறது. உறக்கமின்மையும் சோர்வும் வாரக்கணக்கில் நீடித்தாலோ, வாழ்வே வேண்டா என்னும் எண்ணம் ஒரு முறை தலைகாட்டினாலோ, அதனை வினைப்பயன் என்று மூடி மறைக்க வேண்டா. 2022 முதல் இயங்கிவரும் 14416 என்னும் கட்டணமில்லா அரசு மனநலத் தொலைபேசியில் தமிழிலேயே பேசலாம். காய்ச்சலுக்கு மருத்துவரை நாடுவது போன்றதே இதுவும்.

அன்பு மிக்க சாவகியரே, இறுதியாக உங்களுக்கு ஒரு சொல். வீட்டார் அனைவரும் உண்டபின் எஞ்சியதை நின்றபடியே உண்ணும் வழக்கத்தை இத்தீபாவளியோடு விட்டுவிடுங்கள். நீங்களும் உயிரே, உங்கள்மீதும் கருணை கடமையே. நிர்வாண பூசைக்குரிய விடியலில், முதல் விளக்கை ஏற்றும் கை நடுங்காதிருக்கட்டும். அதற்கு முந்திய இரவு நன்றாக உறங்கியிருங்கள்.

அறம் வளர்க! அனைத்துயிரும் இன்புறுக!