நடுவுநிலையும் வாய்வாளாமையும்

ஆசிரியராயினார் கட்சி சாராது நிற்றல்வேண்டும் என்பது எவரும் ஒப்பும் விதி. தேர்தற்காலத்து ஒரு கட்சியின் கொடியைக் கையிற்கொண்டு வகுப்பினுட் புகும் உபாத்தியாயரை ஊரவர் பொறுப்பதில்லை. அங்ஙனம் பொறாதிருத்தல் தக்கதே. ஆயின், வழக்கானது வெளியிலிருந்து வாராது மாணாக்கராலேயே வகுப்பினுட் கொணரப்படின், அவ்வுபாத்தியாயர் செய்யற்பாலது யாது? இருதிறத்தாரையும் வாய்மூடச் செய்தல் நடுவுநிலையாகுமா? அன்றி அதுவும் ஒருதிறஞ் சார்தலேயாகுமா? இவ்வினா ஐக்கிய அமெரிக்க நாட்டுப் பாடசாலைகளிலே முப்பது நாற்பது ஆண்டுகளாக நிகழ்ந்துவரும் ஒரு வழக்கினிடத்துத் தெளிவாகக் காணப்படுகின்றமையின், அதனை ஆராய்ந்து நம்மாசிரியர்முன் வைக்கத் துணிந்தேம்.

அவ்வழக்குத் தம் பாலினரிடத்தே நாட்டமுடைய மாணாக்கரைப் பற்றியது. இக்காலத்தார் அவரைத் தன்பாலீர்ப்பினர் என வழங்குவர். அவர்க்கும் ஏனையோர்க்குரிய காவலும் மதிப்பும் பாடசாலையில் வேண்டுமென்று மாணாக்கரே சங்கங் கூட்டியும், அடையாளம் அணிந்தும், ஊர்வலம் போந்தும் கேட்கின்றனர். இது பெரியோர் தூண்டச் சிறியோர் ஆடுங் கூத்தென்று இகழ்வாருமுளர். நிகழ்ந்தது வேறு. 1988 ஆம் ஆண்டிலே, மசச்சூசெற்ஸ் மாநிலத்துக் கொங்கோட் அக்கடமி என்னும் பாடசாலையில், சரித்திர ஆசிரியராகிய கெவின் ஜெனிங்ஸ் என்பாரிடம் ஒரு மாணவி வந்து, அத்தகையாரும் அல்லாதாரும் ஒருங்குகூடும் ஒரு சங்கம் வேண்டுமென்றாள். அவள் அவ்வியல்பினள் அல்லள். அவ்வியல்புடையவர் அவள் தாயார். தன் வீட்டாரை இழித்துரைக்குஞ் சொற்களைக் கேட்டுச் சலித்த ஒரு மகளின் வேண்டுகோளே அவ்வகைச் சங்கங்களுக்கு வித்தாயிற்று. பின்னர் 1993 டிசம்பரில் அம்மாநிலம் இத்தகைய மாணாக்கரை வேறுபடுத்தி நடத்தலாகாதென்று சட்டஞ் செய்தபோதும், சட்டசபை உறுப்பினரை நேரிற் கண்டு வற்புறுத்தியோர் பெரும்பாலும் பாடசாலைப் பிள்ளைகளே.

மாணாக்கர் கைக்கொண்ட முறைகளுள் ஆசிரியரை மிகவும் இடர்ப்படுத்தியது ஒன்றுண்டு. 1996 ஆம் ஆண்டில் வேர்ஜீனியாப் பல்கலைக்கழக மாணாக்கர் வாய்வாளாமை நாள் என்றொன்றை அனுட்டித்தனர். வன்முறையற்ற எதிர்ப்பைப் பற்றிய ஒரு வகுப்புக் கட்டுரையிலிருந்து பிறந்த எண்ணம் அது. 2001 முதல், ஜெனிங்ஸ் முன்னர்த் தொடக்கிய ஆசிரியர் சங்கமே அதனைப் பாடசாலைகளில் நடத்துவிக்கும் பொறுப்பை ஏற்றது. ஏப்பிரல் மாதத்தில் ஒருநாள் முழுதும் மாணாக்கர் பேசாதிருப்பர். ஏன் பேசவில்லை என்பதைக் கூறும் ஒரு சீட்டினை வினவுவார் கையிற் கொடுப்பர். அச்சத்தால் தம்மை வெளிப்படுத்தாது வாழ்வாருடைய பேசாமையை ஏனையோர் ஒருநாளாயினும் உணர்க என்பது கருத்து. (பேசாதிருக்குங் காலங் கழிந்ததென்று கருதிப்போலும், 2024 இல் அந்நாளின் பெயரையே மறுதலையாக மாற்றிவிட்டனர்.)

வகுப்பிலே வினாவிய ஆசிரியர்க்கு விடை கூறாது ஒரு சீட்டை நீட்டும் மாணாக்கனை யாது செய்வது? வினாவிற்கு விடையிறுத்தல் மாணாக்கன் கடமையென்பதில் ஐயமில்லை. ஆசிரியர் கேட்பின் பேசுகவென்றே அந்நாளை அனுட்டிப்பார்க்கு அறிவுரை கூறுவோருஞ் சொல்வர். ஆகவே கேட்க உரிமையுண்டு. கேட்கத்தான் வேண்டுமா என்பது வேறு வினா. ஒருநாள் எழுத்துவேலை கொடுத்துவிட்டு வகுப்பைக் குழப்பமின்றி நடத்திய உபாத்தியாயர் கட்சி சார்ந்தவராகார். வேண்டுமென்றே அவனை எழுப்பி நிறுத்தி வாய்திறப்பிக்க முயன்றவர், அவர் எண்ணாவிடினும், ஒரு கட்சியிற் சேர்ந்துவிட்டார்.

இனி, மாணாக்கர் இத்தகைய காரியங்களிலே தலையிடலாமோ என்னும் முதல்வினாவை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் முன்னரே ஆராய்ந்தது. 1965 டிசம்பரில் அயோவா மாநிலத்து டெ மொயின் நகரிலே சில பிள்ளைகள் வியட்நாம் யுத்தத்தின் பொருட்டுத் துயரங்காட்டிக் கையிற் கரும்பட்டி அணிந்து பாடசாலை சென்றனர், அதுபற்றி விலக்கப்பட்டனர். அவருள் ஒருத்திக்கு வயது 13. 1969 பெப்புருவரியில் நீதிபதிகள் எழுவர் ஒருபுறமும் இருவர் மறுபுறமுமாக நின்று, படிப்பிற்குப் பெருங் குழப்பம் விளையாதவிடத்தும் பிறர் உரிமைக்குக் கேடு நேராதவிடத்தும் மாணாக்கன் தன் கருத்தை வெளியிடலாமென்று தீர்த்தனர். குழப்பம் உண்டாகலாமென்னும் அச்சம் மாத்திரம் தடைக்குப் போதாது. ஆசிரியராகிய நாம் இதனைக் கேட்டுப் பெரிதும் மகிழ்வோமல்லோம். ஏனெனில் நம் விதிகளுட் பாதி அவ்வச்சத்தாற் பிறந்தவை.

பிள்ளைகள் முதிராத பருவத்தினர், இப்பொருள் பெற்றோர்க்குரியது, பாடசாலை இதனிற் புகுதலாகாது என்பாருமுளர். இத்தடை எளிதிற் தள்ளத்தக்கதன்று. மேரிலண்ட் மாநிலத்து மொன்கொமெரிப் பகுதியிலே இவ்வியல்பினரைப் பற்றிய கதைநூல்கள் சிறுவர்க்கு வகுப்பில் வாசிக்கப்பட்டபோது, சமயக் காரணம்பற்றித் தம் பிள்ளைகளை அப்பாடத்தினின்று விலக்கக் கேட்ட பெற்றோர் சார்பாக 2025 யூன் மாதத்தில் உச்ச நீதிமன்றந் தீர்த்தது. யாமும் அப்பெற்றோரின் முறையீட்டில் நியாயங் காண்கின்றேம். ஆயின் அவ்வழக்கு ஆசிரியர் கற்பிப்பதைப் பற்றியது. மாணாக்கர் தாமே பேசுவதைப் பற்றியதன்று. இவ்வேறுபாட்டை எதிர்க்கட்சியினருங் கைவிட்டிலர். 2022 இல் புளோரிடா மாநிலம் இப்பொருளைக் கீழ்வகுப்புகளிற் கற்பித்தலைத் தடுத்துச் சட்டஞ் செய்தது. அச்சட்டம் மாணாக்கர் தம்முட் பேசுதலையும் அவர்தம் சங்கங்களையும் தடுப்பதன்றென்று 2024 மார்ச்சில் வழக்கொன்றை முடித்த உடன்படிக்கையிலே அரசு ஒப்பிற்று.

இஃதிவ்வாறாக, எம் வினாவிற்கு நேரே விடைதருவது யூட்டா மாநிலத்துச் சோல்ற் லேக் நகரிலே நிகழ்ந்தது. அதற்கு முன் ஒரு சட்டத்தைப் பற்றிக் கூறல்வேண்டும். பாடசாலையிற் பிற சங்கங்கள் கூடுமாயின் வேதாகமம் ஓதுஞ் சங்கமுங் கூடவேண்டுமென்று விரும்பிய கிறித்தவர் பலர் முயன்று 1984 இல் ஒரு சட்டத்தை இயற்றுவித்தனர். மத்திய அரசின் பணம் பெறும் மேனிலைப் பாடசாலையொன்று பாடத்தோடு தொடர்பில்லாத ஒரு சங்கத்திற்கு இடங்கொடுக்குமாயின், ஏனையவற்றிற்கும் அவற்றின் கொள்கை நோக்காது இடங்கொடுத்தல்வேண்டும் என்பது அச்சட்டம். தமக்கென்று வெட்டிய வாய்க்காலிற் பிறர் வயலுக்கும் நீர் பாயும் என்பதை அவர் அன்று நினைந்திலர்.

1995 ஆம் ஆண்டின் இறுதியிலே அந்நகரத்துக் கிழக்கு மேனிலைப் பாடசாலை மாணாக்கர் சிலர் மேற்கூறிய சங்கத்தை அமைக்க விரும்பினர். மறுக்கச் சட்டம் இடந்தரவில்லை. கொடுக்கக் கல்விச்சபையார்க்கு மனமில்லை. 1996 பெப்புருவரியில் அச்சபையார் ஒரு வழி கண்டனர்: பாடத்தோடு தொடர்பில்லாத சங்கங்கள் யாவற்றையும் நிறுத்திவிட்டனர். ஒருவனுக்கு இலைபோட மனமில்லாதவர் பந்தியையே கலைத்தது போலாயிற்று.

இச்செயல் நடுவுநிலையின் வேடம் பூண்டது என்பதை நோக்குக. எவர்க்குங் கொடுத்திலர், ஆகவே எவர்க்கும் ஓரவஞ்சகஞ் செய்திலர் என்று சட்டத்தின் எழுத்துக் கூறும். மாணாக்கர் அதனை அவ்வாறு கொண்டிலர். நூற்றுக்கணக்கானோர் வகுப்பை விட்டு வெளியேறி மாநில மன்றத்தை நோக்கி நடந்தனர். பாடசாலையிற் சங்கமிழந்த பிள்ளைகள் பலர்க்கு, தாம் இழந்தது யாரால் என்று தெரியும்; அச்சபையாரை அவர் நாடோறுங் காண்பதில்லை, அச்சிறு குழுவினரையோ நாடோறும் வகுப்பிற் காண்பர். பொதுத்தண்டம் விதிப்பார் பெரும்பாலும் இதனை மறந்துவிடுகின்றனர். வகுப்பில் ஒருவன் செய்ததற்கு வகுப்பு முழுவதையும் வெயிலில் நிறுத்திய உபாத்தியாயர் எவரேனும் பின்பு இடைவேளையில் அவ்வொருவனுக்கு என்ன நேர்ந்ததென்று பார்த்ததுண்டா? 2000 ஆம் ஆண்டிலே, வழக்குகள் நடந்தபின், அச்சபையார் சங்கங்களை மீள அனுமதித்தனர். அந்நான்கு ஆண்டுகளில் மேனிலைப் படிப்பை முடித்து வெளியேறினவர்க்கு அஃது உதவாது.

அம்மாணாக்கர் சங்கம் வேண்டுமென்று இத்துணை வற்புறுத்தியது எதன்பொருட்டு? விஸ்கொன்சின் மாநிலத்து ஆஷ்லண்ட் நகரிலே ஜேமி நபோஸ்னி என்னும் மாணாக்கன் தன்பாலீர்ப்பினன் என்பதுபற்றி ஏழாம் வகுப்பு முதலாகச் சக மாணாக்கரால் வருத்தப்பட்டான். வசை, துப்புதல், அடி; மலசலகூடத்தில் அவன்மேற் சிறுநீர் கழித்தனர்; ஒருமுறை வயிற்றில் உதைத்த உதையினால் பின்பு சத்திரசிகிச்சை வேண்டியதாயிற்று. பலமுறை முறையிட்டும் பயனில்லை. அவன் தன்னை அவ்வாறு வெளிப்படையாகக் காட்டிக்கொண்டால் இத்தகையன நேரும் என்பது அவனுக்குக் கிடைத்த விடைகளுள் ஒன்று. 1996 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவன் வழக்கை ஏற்றது. அதே ஆண்டில் நடுவர் குழு பாடசாலை அதிகாரிகளைப் பொறுப்பாளிகளென்று கண்டது. ஏறத்தாழ ஒன்பது இலட்சம் டொலருக்கு வழக்குத் தீர்ந்தது. அவ்வதிகாரிகள் அவனை அடித்தவரல்லர். அவர் செய்தது ஒன்றுஞ் செய்யாமையே.

இவ்வியல்பு பாவமோ அன்றோ என்று சமயநூல் கொண்டு முதலில் முடிவுசெய்தல் வேண்டாவோ என்று ஒருவர் எம்மை வினாவினார். வேண்டுவோர் ஆராய்க. அம்முடிவு கிடைத்த பின்னரே ஒரு சிறுவனை உதையினின்றுங் காக்கவேண்டுமென்று எச்சமயமும் விதித்ததாக யாம் அறியேம்.

மறுதிறத்து மாணாக்கனையும் நினைத்தல்வேண்டும். அவனும் நம் பிள்ளையே. 2004 ஏப்பிரலில் கலிபோர்ணியாவின் போவே நகரிலே, வாய்வாளாமை நாளையொட்டி, அவ்வொழுக்கம் நாணத்தக்கதென்று எழுதிய மேற்சட்டையை ஒரு மாணாக்கன் அணிந்து வந்தான்; தன் கிறித்தவக் கொள்கையை வெளியிடல் தன் கடமையென்றான். பாடசாலை அதனைக் கழற்றுகவென்றது. அவன் மறுத்து அன்றையப் பொழுதை அலுவலகத்திற் கழித்தான். 2006 இல் நீதிபதிகள் இருவர் பாடசாலை பக்கமும் ஒருவர் மாணாக்கன் பக்கமும் நின்றனர். அவன் படிப்பு முடிந்து வழக்குப் பயனற்றதானமையால் 2007 இல் அத்தீர்ப்பும் நீக்கப்பட்டது. இல்லினோய்ஸ் மாநிலத்து நேப்பர்வில் நகரிலே இதனினும் மெலிதான வாசகம் அணிந்த மாணாக்கர் வழக்கிலோ, 2008 இலும் 2011 இலும் மாணாக்கர் பக்கமே தீர்ந்தது. இழப்பீடு தலைக்கு 25 டொலர்.

இவ்விரண்டையும் பலநாள் எண்ணினேம். எம் கருத்து நேப்பர்வில் தீர்ப்பைச் சார்கின்றது. ஒரு கொள்கை தனக்கு உடன்பாடன்றென்று சொல்லும் மாணாக்கனை அடக்குவோமாயின், அடுத்த ஆண்டு சீட்டை நீட்டுபவனையும் அடக்க நமக்கு வாய் வரும். ஆயின் ஒரு குறித்த பிள்ளையின் பெயர் சொல்லி, அல்லது அவன் பின்னே நடந்து, அதே வாசகத்தை உரைப்பவன் கருத்து வெளியிடுகின்றவனல்லன். அவ்விடத்துத் தடுத்தல் ஆசிரியர் தொழில். கொள்கையைக் கேட்டிருத்தலும் கொடுமையைத் தடுத்தலுமாகிய இரண்டும் ஒரே நாளில் ஒரே வகுப்பிற் செய்யவேண்டி வரும். போவே நகரத்துச் சட்டை இவ்விரண்டினுள் எதன்பாற்படும் என்று எம்மை நெருக்கிக் கேட்பின், யாம் தயங்குவேம்.

நம் நாட்டிலே ஆங்கிலேயர் காலத்துத் தண்டனைச் சட்டக்கோவையின் நிழல் இப்பொருளின்மேற் படிந்திருத்தலின், பாடசாலைகளில் இத்தகைய சங்கம் எழுதல் அரிது. ஆகவே இஃது அந்நிய நாட்டார் வழக்கென்று ஆறியிருக்கலாமெனின், அற்றன்று. நடையும் குரலும் ஏனையோர்போல் இல்லாமைபற்றி எள்ளப்படும் பிள்ளை நம் வகுப்புகளிலும் உளன். அவன் இவ்வியல்பினனோ அல்லனோ, எள்ளுவார் அதனை ஆராய்வதில்லை. யான் உபாத்தியாயத் தொழிலிற் புகுந்த இரண்டாம் ஆண்டில் அத்தகையான் ஒருவன் எட்டாம் வகுப்பில் என்னிடங் கற்றான். கணக்கில் வல்லன். பின்வாங்கிலிருப்போர் தன்னைப் பெண்பெயரிட்டு அழைக்கின்றனரென்று இருமுறை என்னிடம் வந்து சொன்னான். இருபக்கமுங் கேட்டு நியாயஞ் செய்வதாக எண்ணி, அவர்களை வாளாவிருக்கும்படி கண்டித்தேன். அவனைத் தனியே அழைத்து, நடையைத் திருத்திக்கொள்ளும்படி புத்தி சொன்னேன். மூன்றாம் முறை அவன் வந்திலன். வகுப்பு அமைதியாயிற்றென்று மகிழ்ந்தேன். அடுத்த தவணையில் அவன் பெயரை அழைத்தபோது விடையில்லை. இரண்டு கிழமை அழைத்தேன். பின்பு வரவு இடாப்பில் அவன் பெயரைச் சிவப்பு மையாற் கோடிட்டேன். அவன் வீடு பாடசாலைக்கு அரைக்கட்டை தூரத்திலிருந்தது. யான் போய்க் கேட்கவில்லை.