புறத்தூய்மையும் அறப்பொறுப்பும்: பழங்குடியினரின் தோல்நோய்களை முன்வைத்து

நோயுற்றவரையே நோய்க்குக் காரணமாக்குதல் அறமாகுமா என்னும் வினா தோல்நோய்களில் கூடுதல் அழுத்தம் பெறுகிறது. சொறியும் சிரங்கும் கண்ணுக்குப் புலப்படுவன. ஆதலின் அவற்றை உடையவரைத் தூய்மையற்றவர் எனப் பழித்தல் எளிதாகிறது. இப்பழிப்பின் அறநிலையைப் புனே மாவட்டப் பழங்குடியினரின் வாழ்நிலையோடு பொருத்தி இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

சொறிநோய், நுண்ணிய உண்ணி தோலைத் துளைத்து வாழ்வதால் உண்டாவது. சொறிந்த புண்வழியே ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நுண்ணுயிரி புகுந்து சீழ்ச்சிரங்கை விளைவிக்கும். சில வாரங்களில் சிறுநீரக அழற்சியும் தோன்றலாம். ஆஸ்திரேலியத் தொல்குடியினரிடையே மிகுந்து காணப்படும் வாதக்காய்ச்சலோடும் இதய வால்வுச் சிதைவோடும் இத்தொற்றைத் தொடர்புபடுத்தும் ஆய்வாளரும் உளர். 2017இல் உலகச் சுகாதார நிறுவனம் சொறிநோயைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களுள் சேர்த்தது.

வள்ளுவர் வாய்மை அதிகாரத்தில் புறத்தூய்மைக்கு நீரையும் அகத்தூய்மைக்கு வாய்மையையும் உரியனவாக்குகிறார். இவ்விரண்டனுள் வாய்மை ஒருவரது முயற்சியில் அடங்குவது, நீரோ அவ்வாறன்று. ஆம்பேகாவ், ஜுன்னர் வட்டங்களில் மகாதேவ் கோலி மக்கள் வாழும் மேற்குத்தொடர்ச்சி மலைப்பகுதி பெருமழை பெறுவது. எனினும் கோடையில் அங்குக் குடிநீருக்கே தட்டுப்பாடு நேர்கிறது. கோட் ஆற்றில் டிம்பே அணை எழுந்தபோது நிலமிழந்தோருள் இம்மக்களும் அடங்குவர். குடிக்கும் நீரே அரிதாகிய இடத்தில் குளித்தலை ஒழுக்கமாக வலியுறுத்துவது பொருந்தாது. மேலும், நாள்தோறும் குளிப்பவரையும் சொறிநோய் பற்றும். நெருங்கிய உடல்தொடர்பே அதனைப் பரப்புகிறது. சிறு குடிலில் பலர் நெருங்கி உறங்குதல் வறுமையின் விளைவேயன்றிக் குற்றமன்று.

ஒருவருக்கு மட்டும் மருந்தளித்தால் உடனுறைவோரிடமிருந்து நோய் மீண்டும் பற்றும். ஃபிஜியில் நிகழ்ந்து 2015இல் வெளியான ஆய்வில், நோயுற்றார், நோயிலார் என்னும் வேறுபாடின்றி ஐவர்மெக்டின் வழங்கிய பிரிவில், சொறிநோய் ஓராண்டில் 32 விழுக்காட்டிலிருந்து 2 விழுக்காடாகக் குறைந்தது. ஆயின், நோயிலாரையும் மருந்துண்ணச் செய்தல் வற்புறுத்தலாகாதா என்னும் சிக்கல் இங்கு எழுகிறது. 1897இல் பிளேக் தடுப்பின்பொருட்டுப் புனேயில் படைவீரர் வீடுகளுள் புகுந்து சோதனையிட்டமை மக்களின் சினத்தைத் தூண்டியது. பிளேக் குழுத் தலைவர் ராண்ட் அவ்வாண்டு சூன் 22இல் சுடப்பட்டார். நோக்கம் நன்றாயினும் இசைவு பெறாத மருத்துவம் ஒடுக்குமுறையாகவே உணரப்படும் என்பது இதனால் புலனாகிறது.

எனவே நீர், உறைவிடம், மருந்து ஆகியவற்றை வழங்குதல் அரசின் கடன். மக்களுக்கு விளங்கும் மொழியில் எடுத்துரைத்து இசைவு பெறுதல் மருத்துவரின் அறம். ஏற்றலும் மறுத்தலும் அம்மக்களின் உரிமை. மறுப்போர் இருப்பின் நம்பிக்கையை வளர்த்தலே வழி. தூய்மையை அவர்களிடம் எதிர்பார்க்கும் சமூகம், அதற்குரிய நீரை அவர்களுக்கு அளித்துள்ளதா என முதலில் தன்னை வினவுதல் வேண்டும்.