கணக்குக் கேட்கும் மேய்ப்பன்

திருச்சபைத் தலைவர் ஒருவர் ஆட்சியாளரை நோக்கிக் கேள்வி எழுப்பும் போதெல்லாம், "ஆயருக்கு எதற்கு அரசியல்?" என்னும் மறுகேள்வியும் உடனெழுவதைக் காண்கிறோம். இவ்வாறு கேட்போர் அனைவரும் தீய எண்ணத்தோடு கேட்பதில்லை. பலிபீடத்தின் தூய்மை கட்சிப் பூசலில் மாசுபடலாகாதே என்னும் கவலையாலும் பலர் கேட்கின்றனர். ஆகவே இக்கேள்வியை எளிதில் ஒதுக்கிவிடாமல், மன்னார் ஆயராய் விளங்கிய மேதகு இராயப்பு யோசேப்பு அவர்களின் பணிவாழ்வை முன்னிறுத்திச் சிந்திப்பது நமக்குப் பயன் தரும்.

1940-ஆம் ஆண்டு நெடுந்தீவில் பிறந்த அவர், 1992 முதல் 2016 வரை மன்னார் மறைமாவட்டத்தை வழிநடத்தினார். அக்காலத்தின் பெரும்பகுதி போர்க்காலம். தமிழரும் சிங்களரும் ஒருசேர வணங்கும் மடுத் திருத்தலம் அவருடைய மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. 1999 நவம்பரில் அங்கு அடைக்கலம் புகுந்திருந்தோர் மீது எறிகணைகள் வீழ்ந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2021 ஏப்ரல் 1, பெரிய வியாழனன்று ஆயர் இறைவனடி சேர்ந்தார்.

அவர் பெயரோடு என்றும் இணைந்து நிற்கும் எண் ஒன்று உண்டு. 2011 சனவரியில், இலங்கை அரசு அமைத்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் அவர் தம் குருக்களுடன் சான்று பகர்ந்தார். 2008 அக்டோபர்த் தொடக்கத்தில் வன்னியில் வாழ்ந்தோர், அரசுக் கச்சேரிகளின் பதிவுப்படி 4,29,059 பேர். 2009 சூலை 10 வரை அரசின் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தோர், ஐக்கிய நாடுகள் அலுவலகத்தின் மதிப்பீட்டின்படி 2,82,380 பேர். எஞ்சிய 1,46,679 பேருக்கு என்ன நேர்ந்தது? இதுவே அவர் கேட்டது.

இங்கே நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. இத்தனை பேர் கொல்லப்பட்டனர் என்று ஆயர் கூறவில்லை. இவர்கள் எங்கே என்றுதான் கேட்டார். ஆனால் அவரைச் சுற்றியிருந்தோர் அக்கேள்வியைக் கேள்வியாகவே இருக்கவிடவில்லை. ஒரு சாரார் அவரைப் புலிகளின் ஆதரவாளர் என்றனர். 2012-இல் புலனாய்வு அதிகாரிகள் அவரை விசாரித்தனர். அவரைக் கைது செய்ய வேண்டும் என்ற குரல்களும் எழுந்தன. மறு சாராரோ அந்த எண்ணையே இறந்தோர் தொகையாக மேடைகளில் முழங்கினர். 2011-இல் ஐ.நா. வல்லுநர் குழு 40,000 பேர்வரை இறந்திருக்கக் கூடும் என்றது. 2012-இல் ஐ.நா.வின் உள்ளக ஆய்வு, 70,000-க்கும் மேற்பட்டோர் கணக்கில் வரவில்லை என்னும் செய்தியைச் சுட்டியது. எண்கள் இவ்வாறு மாறுபடுவதே, ஆயரின் கேள்வி இன்னும் விடை பெறவில்லை என்பதற்குச் சான்றாகும்.

நம் நாமகிரிப்பேட்டை மஞ்சள் ஏலத்தை அறியாதவர் இப்பகுதியில் இல்லை. விரலி, உருண்டை, பனங்காலி எனத் தரம் பிரித்து மூட்டைகள் அடுக்கப்படுகின்றன. கொண்டு வந்த மூட்டைக்கும் எடை போட்ட மூட்டைக்கும் எண்ணிக்கை ஒவ்வாவிடில் உழவர் கேட்பார். அதைக் கலகம் என்று எவரும் சொல்வதில்லை. மூட்டைக்கு உள்ள கணக்கு மனிதருக்கு இல்லை என்று ஒரு சமுதாயம் ஒப்புக்கொள்ளுமாயின், அச்சமுதாயத்தின் அறவுணர்வு எந்நிலையில் உள்ளது?

விவிலியத்திலும் இருவகை எண்ணுதலைக் காண்கிறோம். தாவீது அரசர் தம் மக்களை எண்ணச் செய்தது பாவமாயிற்று; வாளேந்த வல்லவர் எத்தனை பேர் என்று அறியவே அவர் எண்ணினார். நூறு ஆடுகளை உடையவரும் எண்ணுகிறார். எண்ணியதால்தான் ஒன்று குறைவதை அறிகிறார். எண்ணாத மேய்ப்பனுக்குத் தேடிப்போக வேண்டிய கடமையே தோன்றாது. ஆயரின் எண்ணுதல் இரண்டாம் வகையைச் சார்ந்தது.

திருச்சபைச் சட்டம் இதற்கு மாறானதா? 287-ஆம் சட்டம் அருட்பணியாளர் பொதுவாகக் கட்சிகளில் தீவிரப் பங்கேற்பதைத் தடுக்கிறது. அதே சட்டம்தான் நீதியில் ஊன்றிய அமைதியை வளர்க்கும்படி பணிக்கிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட 'இன்றைய உலகில் திருச்சபை' ஏடு, மனிதரின் அடிப்படை உரிமைகள் கோரும்போது அரசியல் சார்ந்தவற்றிலும் அறநெறித் தீர்ப்பு வழங்கும் உரிமை திருச்சபைக்கு உண்டு என்கிறது. சான் சால்வதோர் பேராயர் புனித ஆஸ்கார் ரொமேரோ, அந்தந்த வாரத்தில் கொல்லப்பட்டோர், கடத்தப்பட்டோர் பெயர்களை ஞாயிறு மறையுரைகளில் வானொலி வழியே அறிவித்தார். 1980 மார்ச் 24 அன்று திருப்பலி நிறைவேற்றுகையில் சுடப்பட்டார். 2018-இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

எனினும் எதிர்வாதத்தின் வலுவான பகுதியை நாம் மறைத்தலாகாது. கணக்குக் கேட்போர் தம் பக்கத்துக் கணக்கையும் விரிக்க வேண்டும். 1990 அக்டோபரில் வட மாகாணத்து இசுலாமியரைப் புலிகள் வெளியேற்றினர். அவர்களுள் மன்னார் மக்களும் அடங்குவர். இறுதிப் போரில் பொதுமக்கள் வெளியேறாவண்ணம் தடுத்ததும், சிறுவரைப் படையில் சேர்த்ததும் ஐ.நா. அறிக்கையில் பதிவாகியுள்ளன. தன் இனத்தாரின் இழப்பை மட்டும் எண்ணுபவர் மேய்ப்பராகார். ஆனால் இவ்வாதம் கணக்கை விரிவாக்கச் சொல்கிறதேயன்றி, மூடிவைக்கச் சொல்லவில்லை. அவர்கள் பக்கத்திலும் குற்றம் உண்டு என்பது 1,46,679 பேரைப் பற்றிய கேள்விக்கு மறுமொழியாகாது.

இது கடல் கடந்த செய்தி என்று நாம் இருந்துவிட இயலாது. சேலம், நாமக்கல் மாவட்டங்களின் மறுவாழ்வு முகாம்களில் இலங்கைத் தமிழர் வாழ்கின்றனர். உறவினரைக் காணாத ஒரு தாய் திருப்பலிக் கருத்து எழுதித் தர வரும்போது, எதை எழுதுவார்? மகனின் உடல்நலத்திற்காகவா, அவன் ஆன்ம இளைப்பாற்றிக்காகவா? முதலாவதை எழுதினால் நம்பிக்கையே அவரை நாள்தோறும் வதைக்கும். இரண்டாவதை எழுதினால், தம் கையாலேயே மகனைப் புதைத்தாற்போல் ஆகும். 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தாய்மார் தெருவோரப் போராட்டம் தொடங்கியது இந்நிலை பொறாமலே. 2020 சனவரியில், காணாமற்போனோர் உண்மையில் இறந்துவிட்டனர் என்று அன்றைய அதிபர் ஐ.நா. பிரதிநிதியிடம் கூறினார். எவர், எங்கே, எவ்வாறு என்று சொல்லாத அக்கூற்று தாய்மாருக்கு ஆறுதல் அளிக்கவில்லை. மொத்தமாய் இறந்தனர் என்பதும், ஒருவரும் இறக்கவில்லை என்பதும், ஒவ்வொருவரையும் பெயர் சொல்லித் தேடும் பொறுப்பிலிருந்து தப்பும் வழிகளே.

ஆகவே ஆயருக்கு அரசியல் எதற்கு என்று கேட்போரிடம் நாம் பணிவுடன் கூறுவது இது: அந்தத் தாய்க்கு எந்தக் கருத்தை எழுதுவது என்று எவரேனும் சொல்ல முடியுமாயின், ஆயர் பேசாதிருந்திருக்கலாம். சொல்ல முடியாதவரை, அவர் கேட்டது மறைப்பணியின் கேள்வியே. கேட்டவர் கல்லறையில் துயில்கிறார். கேட்கும் கடமை அவரோடு புதைக்கப்படவில்லை.