அடகு போன எலும்பு

"டயப்பர் மாத்தும்போது மட்டும் அழுவுறா மேடம். பசி அழுகை மாதிரி இல்ல."

இரவுப் பணியில் இருந்த சிஸ்டர் இப்படிச் சொன்னபோது, நான் முதலில் பார்த்தது குழந்தையை அல்ல, ரிப்போர்ட்டைத்தான். 27 வாரத்தில் பிறந்த பெண் குழந்தை. பிறந்து 9 வாரம் ஆகியிருந்தது. மூச்சுக்கருவியிலிருந்து மீண்டு, ட்யூப் வழியே பால் ஏற்று, எடை 1,500 கிராமைத் தொட்டிருந்தாள். ரத்தத்தில் கால்சியம் 9.6. அதற்கு முன் இரண்டு முறை பார்த்தபோதும் சரியான அளவுதான். மறுநாள் நுரையீரலுக்காக எடுத்த எக்ஸ்ரேயில், வலப்பக்க விலா எலும்பு ஒன்றில், முறிந்து கூடிய இடம் சிறு முடிச்சாகத் தெரிந்தது. யாரும் அவளைக் கீழே போடவில்லை. யார் கையும் முரடு இல்லை. அன்றாடம் தூக்குவதும் புரட்டுவதுமே அந்த எலும்புக்குத் தாங்கவில்லை.

நான் பணியில் சேர்ந்த புதிதில் நடந்தது இது. பாஸ்பரஸ் எவ்வளவு என்று அதுவரை ஒருவரும் கேட்டிருக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

நிறைமாதக் குழந்தையின் எலும்பில் இருக்கும் கால்சியத்திலும் பாஸ்பரஸிலும் சுமார் 80 சதவீதம், கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில்தான் சேர்கிறது. கருவின் ஒரு கிலோ எடைக்கு, நாளொன்றுக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் கால்சியத்தைத் தாய் தொப்புள்கொடி வழியே அனுப்புகிறாள். வயிற்றுக்குள் பிள்ளை உதைக்கிற உதைகூட எலும்புக்குப் பயிற்சிதான். 27 வாரத்தில் வெளியே வந்துவிட்டால் வரவும் நின்றுபோகிறது, உதைக்கச் சுவரும் இல்லை. தாய்ப்பாலுக்கு ஈடு எதுவும் கிடையாது. இந்தக் குழந்தைகளின் குடலைக் காப்பாற்றுவதே அதுதான். ஆனால் 100 மில்லி தாய்ப்பாலில் கால்சியம் 25 முதல் 30 மில்லிகிராம், பாஸ்பரஸ் 15 மில்லிகிராம் அளவில்தான் இருக்கிறது. கடைசி மூன்று மாதச் சேமிப்போடு வருகிற பிள்ளைக்கு அது போதும். சேமிப்பே இல்லாமல் வந்தவளுக்குப் போதாது. அதனால்தான் தாய்ப்பாலில் சத்துப்பொடி கலந்து கொடுக்கிறோம். போதாக்குறைக்கு, நுரையீரலுக்காகக் கொடுக்கும் ஸ்டீராய்டும் நீர் பிரிய வைக்கும் மருந்தும் இருக்கிற கால்சியத்தையும் கரைக்கின்றன.

இத்தனை பற்றாக்குறை இருந்தும் ரத்தத்தில் கால்சியம் எப்படிச் சரியாக இருந்தது? பல வீடுகளில் நாம் பார்த்ததுதான். அடுப்பு எரிகிறது, பிள்ளைகள் வயிறாரச் சாப்பிடுகிறார்கள், பள்ளிக் கட்டணமும் நாள் தவறாமல் போகிறது. அம்மாவின் கழுத்தைப் பார்த்தால்தான் நகை அடகுக்குப் போனது தெரியும். இதயம் துடிக்கவும் நரம்பு இயங்கவும் ரத்தத்தில் கால்சியம் குறையக் கூடாது. குறையப் போகிறது என்றதும் பாராதைராய்டு சுரப்பி எலும்பிலிருந்து எடுத்து ஈடுகட்டுகிறது. அதே ஹார்மோன் சிறுநீரகத்தின் வழியே பாஸ்பரஸை வெளியேற்றுகிறது. ஆக, கால்சியம் 9.6 என்று தாளில் இருந்தது அவள் எலும்பு கொடுத்த காசு.

தேட வேண்டிய இடம் வேறு. பாஸ்பரஸ் 5.6 மில்லிகிராமுக்குக் கீழே போய், ஆல்கலைன் பாஸ்படேஸ் என்கிற நொதி 900 யூனிட்டைத் தாண்டினால் எலும்பைச் சந்தேகிக்க வேண்டும். அந்த நொதி வளரும் எலும்பிலும் கூடும், கல்லீரல் கோளாறிலும் கூடும். அதனால் தனியாக அதை மட்டும் நம்ப முடியாது. எக்ஸ்ரேக்குக் காத்திருப்பதிலும் பயனில்லை. எலும்பின் தாதுவில் 20 முதல் 40 சதவீதம் போன பிறகுதான் அதில் தெரியும். பிறந்த நாலைந்து வாரத்திலேயே ரத்தத்தைப் பார்த்துவிட வேண்டும்.

எல்லாவற்றையும் தினமும் பார்த்துவிடலாமே என்று தோன்றும். ஒரு கிலோ குழந்தையின் உடம்பில் மொத்த ரத்தமே சுமார் 90 மில்லி. ஒரு மில்லி எடுத்தால், பெரியவர் ஒருவரிடம் 50 மில்லிக்கு மேல் எடுத்ததற்குச் சமம். குதிகாலில் குத்தி, பிழிந்து எடுத்தால் ரத்த அணுக்கள் உடைந்து பொட்டாசியம் பொய்யாகக் கூடிக் காட்டும். எனவே ஊசியை எடுக்கும் முன்பே, எதைத் தேடுகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொரு குழந்தை, பிறந்து ஐந்தாம் நாள். கால்சியம் 12ஐத் தாண்டியிருந்தது. கூடிவிட்டது என்றதும் கால்சியத்தைக் குறைக்கத்தான் கை போகும். ஆனால் பாஸ்பரஸ் வெறும் 2. ரத்தக்குழாய் வழியே புரதம் கொடுத்ததும் செல்கள் வேகமாக வளரத் தொடங்கி, இருந்த பாஸ்பரஸை எல்லாம் இழுத்துக்கொண்டிருந்தன. பாஸ்பரஸ் இல்லாமல் எலும்பில் படிய முடியாத கால்சியம் ரத்தத்தில் தங்கிவிட்டது. திருவாரூர்ப் பக்கம் நெல் போடுகிற அந்தக் குழந்தையின் அப்பாவிடம் இதை விளக்கினேன். கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "யூரியாவ மட்டும் போட்டு மணிச்சத்த விட்டுட்டோம், அதானே டாக்டரம்மா?"

அதேதான். புரதத்தில் இருப்பது தழைச்சத்து. பாஸ்பரஸுக்கு வயலில் பெயர் மணிச்சத்து. பயிர் வாடினால் எந்தச் சத்துக் குறைவு என்று முழுப் பயிரையும் மண்ணையும் பார்க்கிற கண் அவருடையது. ஓர் எண் சரியாக இருக்கிறது என்றால் அதைச் சரியாக வைத்திருப்பது யார், கூடியிருக்கிறது என்றால் பக்கத்தில் எது குறைந்தது என்று கேட்க நான் கற்றுக்கொண்டது அவரிடமும் அந்த சிஸ்டரிடமும்தான். உயிர் எப்போதும் அவசரமானதைக் காப்பாற்றி, பொறுத்துக்கொள்கிற ஒன்றிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. பொறுத்துக்கொள்கிற எலும்பு சத்தம் போடாது. அதற்காக யாராவது கேட்டாக வேண்டும்.

முதலில் சொன்ன குழந்தைக்குப் பாஸ்பரஸும் கால்சியமும் சேர்த்துக் கொடுத்தோம். எலும்பு கூடி வீட்டுக்குப் போனாள். குறைமாதப் பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுபோகும் அம்மாக்களிடம் கேட்டுக்கொள்கிறேன்: எடைதான் ஏறுகிறதே என்று, டாக்டர் குறித்துக் கொடுத்த ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். துணி மாற்றும்போது இரண்டு காலையும் சேர்த்துப் பிடித்துத் தூக்காமல், இடுப்புக்கு அடியில் கை கொடுத்துத் தூக்குங்கள். தூக்கும்போது மட்டும் பிள்ளை அழுகிறது என்று தோன்றினால், ரிப்போர்ட் எல்லாம் நார்மல் என்று யார் சொன்னாலும், அதை டாக்டரிடம் மறுபடியும் சொல்லுங்கள்.